வாய் பொத்திச் சிரித்தவர்

நேற்று முன்தினம் ஆஸ்பத்திரி வாசலில் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டபோது தங்கராசு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அவர் இப்போது அங்கே முதல் டிரசர். இருபத்தெட்டு வருஷம் நான் நின்ற இடத்தில் இன்று நிற்பவர். டிரசர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னுடைய அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டுமாம்.

"உங்க சிரிப்புச் சோதனையைப் பத்தியே எழுதுங்கய்யா. படிக்கிறவங்க வயிறு குலுங்கச் சிரிக்கணும். வெள்ளிக்கிழமை காலையிலே நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

இன்று வியாழக்கிழமை. ஒருக்களித்துப் படுத்து, தலையணைமேல் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிற்றின் வலது பக்கம் சுண்டி இழுக்கிறது. என் மனைவி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உக்கார முடியலை, இந்த லட்சணத்துல எழுத்து ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நாளைக்குத் தங்கராசு வரும்போது இது எழுதி முடிந்திருக்க வேண்டும். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வயிறு குலுங்கச் சிரிக்க நினைத்து வந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுங்கள்.

என் அப்பா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறி வந்து சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர். நான் பிறந்தது இங்கேதான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். பதினெட்டு வயதில் வார்டு பெருக்குகிறவனாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, கட்டுத்துணி சுருட்டி, மருந்து கலக்கி, பரீட்சை எழுதி, நாலு வருஷத்தில் டிரசர் ஆனேன். அந்த நாலு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன்.

டிரசர் என்றால் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர். எங்கள் ஆஸ்பத்திரியில் அது பாதி வேலைதான். மறு பாதி துபாஷி வேலை. டாக்டர்கள் வெள்ளைக்காரர்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அவர்கள் எப்படியோ மலாயில் சமாளித்துக்கொள்வார்கள். தமிழ் ஆள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நோயாளி சொல்வதை இங்கிலீஷில் டாக்டருக்கும், டாக்டர் சொல்வதைத் தமிழில் நோயாளிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த நாளில் எங்களுக்குப் பெரிய டாக்டராக இருந்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நோயாளிகள் அவரை டாக்டர் துரை என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒல்லியான ஆள், நெற்றியில் எப்போதும் வியர்வை. கோபக்காரர் இல்லை. சிரிக்கிறவரும் இல்லை. காலை ஏழரைக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைப்பார். நோயாளியின் பெயரை என்னிடம் இரண்டு தடவை கேட்டு, தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். "பக்கிரிசாமி" என்ற பெயர் அவர் வாயில் படாத பாடு படும். ஆனாலும் சொல்லாமல் விடமாட்டார். கூலியாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வெள்ளைக்காரரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு உயிர்.

அவர் வயிறு பார்க்கும் விதம் தனி. முதலில் இரண்டு கையையும் வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் வயிறு இறுகிவிடுமாம். நோயாளியைப் பலகைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால் இரண்டையும் மடக்கச் சொல்வார். வலி எங்கே என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தொட ஆரம்பிப்பார். விரல் நுனியால் குத்தமாட்டார். உள்ளங்கை முழுவதும் பதியும். "கை வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். கண் முகத்தைவிட்டு அகலக் கூடாது" என்று எனக்குச் சொல்லியிருந்தார். நான் கட்டிலின் தலைமாட்டில் நிற்பேன்.

தொல்லை என்னவென்றால், எங்கள் ஆட்களுக்கு வெள்ளைக்காரர் கை மேலே பட்டதும் வயிறு கல்லாகிவிடும். வலியால் இல்லை, பயத்தால். பயத்தில் இறுகிய வயிறா, நோயில் இறுகிய வயிறா என்று தெரியாமல் டாக்டர் துரை திண்டாடுவார்.

ஒருநாள் மாட்டுக்கொட்டகை வேலையாள் ஒருவர் வந்தார். நல்ல தாட்டியான ஆள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. துரை கை வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் காதோரம் குனிந்து, "என்னண்ணே, எத்தனை மாசம்?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் ஒரு நொடி விழித்தார். பிறகு கட்டில் ஆடச் சிரித்தார். சிரித்து முடித்து மூச்சுவிட்டபோது வயிறு பிசைந்த மாவு மாதிரி இளகியது. துரையின் கை உள்ளே போயிற்று. மண்ணீரல் வீங்கியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். மலைக்காய்ச்சல், மருந்தில் தீர்ந்தது.

"நீ அவனிடம் என்ன சொன்னாய்?" என்று துரை கேட்டார். பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை. "இதை மறுபடியும் செய்" என்றார்.

மறுபடியும் செய்தேன். தினமும் செய்தேன். எனக்குச் சிரிப்பு டிரசர் என்று பெயர் வந்தது. சிராங்கூன் ரோட்டில் நடந்துபோனால் காய்கறிக் கடைக்காரர் கூட, "என்ன டிரசரய்யா, இன்னிக்கு எத்தனை பேருக்கு மாசம் கேட்டீங்க?" என்பார். உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

கொஞ்ச நாளில் துரை அதிலிருந்து வேறொன்று கண்டுபிடித்தார். வயிற்றுக்குள் உண்மையிலேயே குடல் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தால் மனிதனால் சிரிக்க முடியாது. இருமினாலே உயிர் போகும். அப்படியானால் சிரிக்கிறவனுக்கு உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. காளவாய்க் கங்காணி ஒருதடவை வயிற்று வலி என்று சீட்டுக் கொடுத்து அனுப்பிய ஐந்து பேரில் நாலு பேர் என் கேள்விக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு பேரையும் வேலைக்குத் திருப்பி அனுப்பினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிரிக்காத ஐந்தாவது ஆளைத் துரை அன்றைக்கே அறுவை செய்து காப்பாற்றினார்.

அதன் பிறகு நோயாளியின் தாளில் துரை இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதத் தொடங்கினார்: சிரிக்கிறான். அந்த வார்த்தை விழுந்தால் சீட்டில் வேலைக்குப் போகலாம் என்று முத்திரை விழும். டிரசர்கள் எப்படி நிற்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும், நோயாளியின் கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், முகம் டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். அடியில் என் பெயரும் இருந்தது. என் அப்பாவைக் கூட்டிவந்து அதைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்தார்.

இனிமேல்தான் மாரிமுத்து வருகிறார்.

காளவாயில் சுண்ணாம்பு சுமக்கும் ஆள். இருபத்தைந்து வயது இருக்கும். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. அவருடைய மனைவியின் தம்பி வேலுவும் அதே காளவாயில் வேலை. தோளில் கை கொடுத்து அழைத்துவந்தது அவர்தான். இரண்டு நாளாக வலியாம். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. சாப்பாடு உள்ளே தங்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டு இங்கிலீஷில் சொன்னேன். அதில் பிழை இல்லை.

அன்றைக்குத் துரை என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார். மேலதிகாரி ஒருவர் முந்தின நாள் வந்து சுவரில் இருந்த தாளைப் படித்துப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். துரை வெந்நீரில் கையை நனைத்தார், துடைத்தார். மாரிமுத்து படுத்து முழங்காலை மடக்கினார். மடக்கும்போதே பல்லைக் கடித்தார். நான் வழக்கம்போல் தலைமாட்டில் குனிந்தேன். துரை என்னைக் கையமர்த்தினார்.

"நானே கேட்கிறேன்" என்றார். கேட்டுக் கேட்டு அவருக்கு அந்த இரண்டு வார்த்தை பாடமாகியிருந்தது. மாரிமுத்துவின் முகத்துக்கு நேரே குனிந்து, "மாரிமூட்டு, எட்டனை மாசம்?" என்றார்.

வெள்ளைக்கார துரை தமிழில் பேசுகிறார். பெயர் சொல்லிப் பேசுகிறார். அதுவும் விளையாட்டாகப் பேசுகிறார். மாரிமுத்துவின் கண் அகன்றது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்தார். வலது கை எழும்பி வந்து வாயைப் பொத்தியது. அந்தக் கைக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"எனக்கில்லீங்க எசமான். ஊர்ல சம்சாரத்துக்குத்தான் ஏழு மாசம்" என்றார்.

அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். துரை சிரித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் சிரித்ததால் நான் சிரித்தேன். நான் சிரித்ததால் கதவருகே நின்ற வேலுவும் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் நான் குனிந்து மாரிமுத்துவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"கையை எடுப்பா, டாக்டருக்கு மொகம் தெரியணும்" என்றேன்.

என்ன செய்தேன் என்பதைத் தங்கராசுவும் மற்றவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். நான் இங்கே பிறந்தவன்தான். ஆனால் என் அப்பா தஞ்சாவூரில் ஆண்டை வீட்டு வயலில் வேலை செய்தவர். ஆண்டை ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னால் ஆள் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் திமிர். பல் தெரியச் சிரித்தால் அதுவும் திமிர். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும். அதை ஒருவரும் ஒருவருக்கும் கற்றுத் தருவதில்லை. பிள்ளைக்கு நடை வருவதுபோலத் தானாக வரும். முதுகில் அடி விழுந்த காயத்தோடு, ஆண்டை கேலிக்கு அப்பா அப்படிச் சிரித்ததுண்டு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். காளவாய் முதலாளிக்கு முன்னால் அவர் அப்படிச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கேட்டுச் சிரித்தவர்கள் வேறு. நான் அவர்களில் ஒருவன். காக்கிச் சட்டை போட்ட காளவாய்ப் பிள்ளை. என் கேலிக்கு அவர்கள் சிரித்தால் அது வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. ஒருவர்கூட வாயைப் பொத்தியதில்லை. மாரிமுத்து பொத்தினார். அது நோயாளியின் சிரிப்பு இல்லை, ஆளின் சிரிப்பு. அந்த அறையில் அந்த வித்தியாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். துரைக்குத் தெரிய வழியில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்தது. தெரிந்தும், தெரிந்ததைக் காட்டிக்கொடுத்த அந்தக் கையை என் கையாலேயே இறக்கினேன். துரை சந்தோஷமாக இருந்தார். அவர் சொன்ன வேடிக்கை பலித்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துரை வயிற்றை அழுத்தினார். மாரிமுத்து சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "சாக்கிட்?" என்று துரை மலாயில் கேட்டார். வலிக்கிறதா என்று கேட்கிறார் என்பது இந்த ஊரில் நாலு நாள் இருந்தவனுக்கும் தெரியும். "கொஞ்சந்தானுங்க எசமான்" என்றார் மாரிமுத்து. "கொஞ்சம்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். தாளில் அந்த வார்த்தை விழுந்தது. சீட்டில் முத்திரை விழுந்தது. நான்தான் குத்தினேன். பேதி மருந்து ஒரு அவுன்ஸ் கொடுக்கச் சொன்னார். அதையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அந்த மாதிரி வயிற்றுக்குப் பேதி மருந்து விஷம் என்று இன்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வயிறு பலகையாகியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. துரை ஒருமுறைதான் கை வைத்தார். குடல் ஓட்டையாகி வயிறு முழுவதும் சீழ் பரவிவிட்டது என்றும், இரண்டு நாள் முன்பு என்றால் திறந்து பார்த்திருக்கலாம் என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வேலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதை நான் தமிழில் சொல்லவில்லை.

மத்தியானம் வரை மாரிமுத்துவுக்கு நினைவு இருந்தது. துரை இரண்டாவது தடவை கட்டிலருகே வந்து, "மாரிமூட்டு" என்று கூப்பிட்டார். மாரிமுத்து கண்ணைத் திறந்தார். துரை என்று தெரிந்ததும் வலது கை விரிப்பைவிட்டு எழும்பியது. வாய்வரை வரத் தெம்பில்லை. நெஞ்சுமேல் விழுந்தது. உதடு மட்டும் சிரிப்பதற்காகக் கோணியது. இந்தத் தடவை அந்தக் கையை நான் தொடவில்லை. ஒருமணி நேரத்தில் போய்விட்டார்.

சாயங்காலம் துரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினார். திரும்பாமலே கேட்டார்.

"அவன் அன்றைக்குச் சிரித்தான். நீயும் பார்த்தாய், இல்லையா?"

"பார்த்தேன் சார்."

"உங்கள் ஆட்கள் வலியை வைத்துக்கொண்டு சிரிப்பார்களா?"

இவ்வளவு நேராக, இவ்வளவு சரியாக அவர் கேட்டார். ஒரு நல்ல வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம் சார், உங்களைப் போன்றவர் கேட்டால் சிரிப்பார்கள், சாகும்போதும் சிரிப்பார்கள், கையைப் பார்க்க வேண்டும் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சுவரில் இருந்த தாள் அன்றைக்கே இறங்கியிருக்கும். என் பெயரும் அதோடு இறங்கியிருக்கும். என்னை முதல் டிரசராக்கும்படி அவர் எழுதிய கடிதம் அப்போதுதான் மேலே போயிருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. அவர் முதுகைப் பார்த்தேன். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று அந்த முதுகே சொல்லிற்று.

"இல்லை சார்" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு சிறு சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவர் மூச்சுவிட்டார். "அப்படியானால் நோய் அவன் போன பிறகு முற்றியிருக்க வேண்டும்" என்றார். தாளிலும் அப்படியே எழுதினார்.

அந்த வாரக் கடைசியில் வேலு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அக்காளுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"வயித்து வலியிலே மாமா போயிட்டாருன்னு எழுதுங்கய்யா. ஆஸ்பத்திரியிலே தொரையே கை வெச்சுப் பார்த்தாருன்னும் எழுதுங்க. அக்காவுக்கு அது ஒரு ஆறுதலா இருக்கும்."

எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் தானாகவே பேசினார்.

"அன்னிக்குத் திரும்பிப் போறப்ப ரெண்டு எடத்துல குந்திட்டாருங்க. நடக்க முடியலை. ஏன் மாமா, இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு அங்க சிரிச்சீங்க, வலிக்குதுன்னு கத்தித் தொலைக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"தொரை நம்ம பாஷை பேசுறாருடா. ஆசையா ஒண்ணு கேக்குறாரு. சிரிக்காம இருந்தா அவரு மொகம் என்னத்துக்காவும்னாருங்க."

நல்லபடி பார்த்தார்கள் என்ற வரியை எழுதி முடித்து மடித்துக் கொடுத்துவிட்டேன். ஏழு மாசம் என்று அவர் சொன்ன அந்தப் பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. வேலு அதன் பிறகு ஜொகூர்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டார்.

டாக்டர் துரை இரண்டு வருஷத்தில் மாற்றலாகிக் கப்பல் ஏறினார். போகும்போது எனக்குக் கை கொடுத்தார். அடுத்து வந்தவர் சுவரில் இருந்த தாளைப் படித்துவிட்டு, நல்ல முறை, தொடரட்டும் என்றார். நான் முதல் டிரசர் ஆனேன். சோதனையைத் தொடர்ந்தேன். ஒன்று மட்டும் செய்தேன்: யாராவது வாயைப் பொத்தினால், "சார், இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள்" என்பேன். எல்லா நாளும் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். கூட்டமான நாளில் சொல்லவில்லை. டாக்டர் கோபமாக இருந்த நாளிலும் சொல்லவில்லை. கையை விலாவோடு ஒட்டிவைக்கச் சொல்லும் விதி வேறு இருந்ததால், பல பேர் பொத்துவதற்கே இடமில்லாமல் போயிற்று. சீட்டில் முத்திரை குத்தி அனுப்பியவர்களில் எத்தனை பேர் காளவாயிலும் ரோட்டோரத்திலும் கூலியாட்கள் தங்கும் லயத்திலும் சுருண்டு விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் திரும்பி வந்தவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். பல இரவு இதை நினைத்துப் புரண்டிருக்கிறேன். புரண்டதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வலி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ரிக்‌ஷா பிடித்து என் ஆஸ்பத்திரிக்கே போனேன். தங்கராசு ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். சுவரில் அதே தாள் இருந்தது. பழையது கிழிந்துவிட்டதால் புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். டாக்டர் புதியவர், இளவயது. தங்கராசு அவரிடம், "சார், இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவரே இவர்தான்" என்று பெருமையோடு சொன்னார்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பலகைக் கட்டிலில் படுத்தேன். முழங்காலை மடக்கினேன். மடக்கும்போதே வலி உயிரைக் கிள்ளியது. வலி எங்கிருந்து எங்கே இறங்கியிருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். தங்கராசு அவருக்கு நல்ல உச்சரிப்பே கற்றுக்கொடுத்திருந்தார்.

"ஐயா, எத்தனை மாசம்?" என்றார்.

அறையில் இருந்த எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

மாரிமுத்துவை நினைக்காமல் சிரித்தேன் என்று எண்ண வேண்டாம். அவரை நினைத்துக்கொண்டேதான் சிரித்தேன். சிரிக்காதே, சொல், சொல் என்று உள்ளே ஒருவன் கத்திக்கொண்டிருக்க, நான் சிரித்தேன். என் வலது கை எப்போது எழும்பியது என்று எனக்குத் தெரியாது. தங்கராசு அதைத் தொட்டபோதுதான் அது வாயின்மேல் இருந்தது தெரிந்தது.

"கையை எடுங்கய்யா, டாக்டருக்கு மொகம் தெரியணும்" என்று அன்பாகச் சொல்லி இறக்கினார்.

டாக்டர் அழுத்தினார். வலிக்கிறதா என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். தாளில் ஒரு வார்த்தை எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் அந்த வார்த்தையை எனக்குப் படிக்கத் தெரியும். பேதி மருந்துப் பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். அதைக் குடிக்கவில்லை, என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லைன்னுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தேன்.

இன்று வலி வலது பக்கம் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறது. காலை நீட்ட முடியவில்லை.

தங்கராசு, நாளைக்குக் காலையில் நீங்கள் வந்து, "வலி எப்படி இருக்குங்கய்யா?" என்று கேட்பீர்கள். கேட்டால் என் வாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை நம்பாதீர்கள். இந்தத் தாள்களை மலருக்கு எடுத்துக்கொண்டு போகுமுன் இங்கேயே நின்று, கடைசிப் பக்கம்வரை படியுங்கள். படித்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தால், என் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு வண்டி கூப்பிடுங்கள்.